மூன்று தடவை கேட்ட டச்சுக்காரர்

யிங்ஷுவானுக்கு அம்மா எழுதுவது. நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ராட்டர்டாமில் குளிர் எப்படி என்றெல்லாம் முதலில் விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம் என்றும் எழுத வேண்டும், அதை எழுத எனக்கு இப்போது மனசு வரவில்லை. போனில் அனுப்பியிருக்கலாமே என்பாய். அனுப்பினால் பதிலுக்கு ஒரு பூப்படத்தைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், எனக்குத் தெரியாதா? உன் மாணவர் ரூட்கர் நாளைக்குப் புறப்படுகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், அதைக்கூட நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய்.

அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன வருஷம் நம் தொழிற்சாலையில் வாஷ்பேசின் வாங்க வந்தபோது அவர் அடித்த கூத்தை நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். உதவி செய்கிறேன் என்று எல்லோர் கிண்ணத்திலும் தேநீரை விளிம்பு தொட ஊற்றினார். வந்தவர்களை எழுந்து போங்கள் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி ஊற்றிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். உன் சித்தப்பா முகம் சிவந்து எழுந்தே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரர்களுக்கு நம் பேச்சும் பழக்கமும் சொல்லித்தருகிற உன் வகுப்பில் சேர்ந்தாராம். இந்த வருஷம் வந்தவர் வேறு ஆள். தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்கிறார், அவருக்காகப் பழைய தேயிலையைக் கொட்டிவிட்டுப் புதிது போட்டால் எதற்கு இந்தச் சிரமம் என்று கூச்சப்படுகிறார். மாண்டரின் சீனம் என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார், நம் சாவோசோ ஊர் நாக்கு தடுக்குகிற இடம் ஒன்றிலும் அவருக்குத் தடுக்கவில்லை. வாத்துத் தலை அளவுக்கு ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவந்தார். ஐயோ வேண்டாங்க, எதுக்கு இதெல்லாம் என்றேன். மறுபடி நீட்டினார். வேண்டவே வேண்டாங்க என்றேன். மூன்றாவது தடவையும் நீட்டினார். எனக்கு உண்மையிலேயே வேண்டாம்டி. அது இப்போது குளிர்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு வீட்டையே நாறடிக்கிறது. இதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கோபம் சாப்பாட்டு மேசையில் வந்தது.

முந்தாநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். மசாலாவில் வேகவைத்த வாத்து, சிப்பி போட்ட முட்டை அடை, மீன், எல்லாம் இருந்தது. உன் அப்பாவுக்கு மட்டும் வெறும் கஞ்சியும் உப்பு முள்ளங்கியும். ரூட்கர் மதுக் கிண்ணத்தைத் தூக்கினார், அப்பா வெந்நீர்க் கிண்ணத்தைத் தூக்கினார், அந்த மனிதர் பெரியவருக்கு மரியாதையாகத் தன் கிண்ணத்தை அப்பாவுடையதற்குக் கீழே தாழ்த்தி இடித்துவிட்டு, ஐயா ரொம்ப மெலிஞ்சுட்டீங்களே, உடம்புக்கு என்ன என்றார். ஒண்ணுமில்லப்பா, வயசாகுதில்ல என்றார் உன் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். வயித்துல சின்னக் கோளாறு, சரியாப்போச்சு, நீங்க வாத்து சாப்பிடுங்க, ஆறிடும் என்றார் அப்பா. நானும் ஆமாம் ஆமாம் என்று ஒரு துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டேன். ரூட்கர் அதைத் தொடவில்லை. சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, அம்மா, நீங்க சொல்லுங்க, இவருக்கு என்ன என்று மூன்றாவது தடவை கேட்டார்.

சொல்லிவிட்டேன். புத்தாண்டு கழிந்து பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்ததும் மறுபடி வயிற்றைத் திறக்கப்போகிறார்கள், இலையுதிர் காலத்தில் எடுத்தது போக மிச்சம் இருந்த கட்டி வளர்ந்துவிட்டது, இந்தத் தடவை எந்த உறுதியும் தரமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று, வாஷ்பேசின் வாங்க வந்த ஒரு மனிதரிடம் சொல்லி மேசையிலேயே அழுதேன். ஆமாம், நீ இப்போதுதான் தெரிந்துகொள்கிறாய். என் வயிற்றில் பிறந்தவளுக்கு முன்னால் அந்த டச்சுக்காரருக்குத் தெரியும். உன் அப்பா எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிவைத்த கிண்ணங்களை மறுபடி கழுவிக்கொண்டு நின்றார்.

அழுகை அடங்கினதும் ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்டீங்க என்று ரூட்கரைக் கேட்டேன். பாவம், தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்துபோய்ச் சொன்னார். டீச்சர் சொல்லித்தந்ததுங்க, சீனர் வீட்டுல வேண்டாம்னாலும் ஒண்ணுமில்லன்னாலும் உடனே நம்பக்கூடாது, முதல் தடவை சொல்றது மரியாதைக்கு, ரெண்டாவது தடவை சொல்றது உங்களை அளந்து பார்க்க, மூணாவது தடவை சொல்றதுதான் மனசு, அப்படின்னாங்க. இதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஏண்டி, இவ்வளவு தெரிந்தவளா நீ? ஊரார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறாய், உனக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இலையுதிர் காலத்தில் நடந்த ஆபரேஷனுக்கு முதல் நாள் நான் போனில் என்ன சொன்னேன்? சின்ன ஆபரேஷன்தான், நீ வர வேண்டாம், உன் வேலையைப் பாரு என்றேன். நீ என்ன சொன்னாய்? சரிம்மா, அப்பாவைப் பாத்துக்கங்க என்றாய். அவ்வளவுதான். நீ இன்னொரு தடவை கேட்பாய் என்று நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், நீ வைத்துவிட்டாய். மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோன நேரத்தில், வெள்ளைக்காரர்கள் நடுவில் நின்று கிண்ணத்தை எப்படித் தாழ்த்திப் பிடிப்பது என்று காட்டுகிற படத்தைப் போனில் போட்டிருந்தாய். பக்கத்துக் கட்டில்காரரின் மகள்தான் எனக்கு வெந்நீர் பிடித்துக்கொடுத்தாள். அவள் உன் மகள் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் உன் அப்பா, அவளுக்கு அங்க பெரிய வேலைம்மா என்று பெருமையாகச் சொன்னார். நேராகச் சொல்லியிருக்கலாமே என்று என்மேல் பாயாதே. நீ என்ன, ரூட்கரா? உனக்கும் நான் பாடம் எடுக்க வேண்டுமா? பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தானே சாப்பிட்டாய், பசிக்கலைன்னு நீ சொன்னபோதெல்லாம் ஒரு தடவையோடு நான் தட்டை எடுத்துவைத்திருக்கிறேனா?

திட்டித் திட்டிக் கை வலிக்கிறது. பையில் உப்பு முள்ளங்கி ஒரு ஜாடி வைத்திருக்கிறேன், மூடியை இறுக்கி வை, ஈரக் கரண்டி போடாதே. பச்சைத்தண்ணீர் குடிக்காதே, கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் சைக்கிளில் போகாதே. ரூட்கரிடம் பாலாடைக்கட்டி ரொம்ப ருசி என்று நான் சொன்னதாகச் சொல், மூன்று தடவை கேட்டாலும் அதையே சொல். நம் வீட்டுச் சாமியிடம் உனக்காகத் தினமும் ஊதுபத்தி கொளுத்துகிறேன், உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு.

அப்புறம், புத்தாண்டுக்கு நீ வர வேண்டாம். டிக்கெட் ஆனை விலை குதிரை விலை விற்கும், உன் வகுப்புகளும் கெட்டுப்போகும், அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. உன் அறைப் போர்வையை வெயிலில் போட்டு எடுத்தது பூச்சி வரக் கூடாது என்பதற்காகத்தான். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இது முதல் தடவை.

உன் அம்மா