தடியனுக்கு என்ன வேண்டும்?

மார்ச் 2, திங்கள்

இன்றும் தடியன் மரத்தில் முட்டிக்கொண்டு நின்றான். கேமை ஆடிப் பார்க்க வந்தவர் பாறைக்கு அந்தப் பக்கம் நின்று, கொட்டாவி விட்டபடியே அம்பு விட்டு அவனைக் கொன்றார். பக்கத்தில் உட்கார்ந்து அதை நான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த கேமில் வாள், மந்திரம், இடிந்த கோட்டை எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சதுப்புக் காட்டில் திரியும் இந்தப் பன்னிரண்டடி அரக்கன் மட்டும் என் பொறுப்பு. எப்போது திரும்பிப் பார்ப்பான், எப்போது பாய்வான், எப்போது ஓடுவான் — எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. சொல்லிக்கொடுத்த லட்சணம் இது!

எங்கள் தலைவரை, அவர் காதில் விழாதபோது, ஹெட்மாஸ்டர் என்போம். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்: "இருபத்தேழாம் தேதி வெளியீட்டுக் கம்பெனிக்காரங்க பார்க்க வராங்க. அதுக்குள்ள இவன் பயமுறுத்தணும். இல்லேன்னா தூக்கிட்டு ஓநாயைப் போட்டுடலாம். ஓநாய் ரெடியா இருக்கு."

ஓநாயாம். வெளியே விலைக்கு வாங்கிய ஓநாய். எவன் கேமில் பார்த்தாலும் அதே ஓநாய். இரண்டு வருஷமாகத் தடியனோடு குப்பை கொட்டுகிறேன் நான். அவனைத் தூக்கிவிடுவார்களா?

மார்ச் 4, புதன்

வேகத்தைக் கூட்டினேன். பல்லைப் பெரிதாக்கச் சொன்னேன். பயம் கூடவில்லை, எரிச்சல்தான் கூடியது. எனக்கும் சேர்த்து.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்தவளை பஸ் நிறுத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவந்தேன். தெருமுனைத் தையல்கடை வாசலில் ஒரு நாய், தன் கோணிச் சாக்கில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கியது. பிறகு எழுந்து நின்றது. பிறகு ஒரே ஓர் உறுமல். நான் நிறுத்தாமல் போகவும் துரத்தியது — மின்கம்பம் வரைதான். அங்கே டக்கென்று நின்று, வந்த வேலை முடிந்தது என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"கடிச்சிருந்தா என்னடி பண்றது?" என்றேன்.

"அது ஏன் கடிக்குது? அதுக்கு நீ வேணாம்க்கா, அதோட இடம் வேணும். நீ போய்த் தொலைஞ்சா போதும்" என்றாள். கேம் என்றாலே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறவள் இவள்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தேன். தடியன் என்ன செய்வான் என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

மார்ச் 9, திங்கள்

அவனுக்கு வேண்டியது: குடிக்க ஒரு குட்டை. முதுகு சொறிய ஒரு மரம். படுக்க ஒரு குகை. இடது காலில் ஆறாத வலி, அதனால் மேட்டில் ஏறப் பிடிக்காது. யாராவது நெருங்கினால் முதலில் பார்ப்பான். பிறகு எழுந்து தன் உயரத்தைக் காட்டுவான். பிறகு உறுமல், பிறகு பொய்யாக ஒரு பாய்ச்சல். அதற்கும் அடங்காதவனுக்குத்தான் அடி. எல்லைக்கல்லைத் தாண்டி ஓடினவனை விட்டுவிடுவான்.

எங்கள் புரோகிராமர் எல்லோரையும்விட மூத்தவர், ஆபீஸுக்கே சித்தப்பா. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இவன் ஆளை அடிக்கணுமா, இல்ல குடித்தனம் நடத்தணுமா?"

"ரெண்டும் சித்தப்பா."

முணுமுணுத்துக்கொண்டே சாயங்காலத்துக்குள் பாதியை எழுதிவிட்டார். அவர் முணுமுணுத்தால் வேலைக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 13, வெள்ளி

நாசமாப் போச்சு.

இன்னிக்கு ஆட வந்தவங்க எல்லாரும் அவன் தண்ணி குடிக்கிறப்ப முதுகுல வெட்டிட்டுப் போயிட்டாங்க. உறுமுறதைக் கேட்டுச் சிரிக்கிறாங்க. தண்ணி குடிச்சுட்டு சிவனேன்னு இருந்தவனைப் போய்! ஹெட்மாஸ்டர் பார்த்துட்டு, "நல்ல பிராணிம்மா. வீட்டுல வளர்க்கலாம்"ங்கிறார். வளர்க்கலாமாம்! வாய் வரைக்கும் வந்துச்சு. டீயை வாயில ஊத்தி அடக்கிக்கிட்டேன்.

அவர் சொல்றதும் நிஜம்தானே? உயிர் வந்துடுச்சு, பயம் போயிடுச்சு. ரெண்டும் ஒரே உடம்புல நிக்காதா?

மார்ச் 16, திங்கள்

ஹெட்மாஸ்டர் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டேன். "இருபத்தேழு வரைக்கும் தடியன் மேல கை வைக்காதீங்க சார்."

பேனாவை மூடி வைத்தார். "சரி. ஆனா பக்கத்து மெஷின்ல ஓநாய் இருக்கும். இவன் சொதப்பினா அப்படியே அங்க கூட்டிட்டுப் போயிடுவேன்."

இருக்கட்டும். உட்கார்ந்து ஊளையிடட்டும்.

மார்ச் 19, வியாழன்

தங்கை வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தாள். அந்த நாய்தான். கடித்ததா என்றால் இல்லை. குரைத்ததா என்றால் அதுவும் இல்லை.

"அது அங்க இல்லக்கா! சாக்கு மட்டும் கிடக்குது. படுத்திருந்தா ஒதுங்கிப் போயிடுவேன். இப்ப எந்தப் பக்கத்திலிருந்து வருமோன்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தேன்."

அவளைக் கட்டிக்கொண்டேன். "ஐயய்ய, விடு! உனக்கென்ன கிறுக்கா?" என்று தள்ளிவிட்டாள்.

கிறுக்குதான்!

மார்ச் 20, வெள்ளி

தடியனுக்கு இனி ஞாபகம் உண்டு. குட்டையில் வெட்டுப்பட்டால் தண்ணீருக்குள் முங்கித் தப்பிவிடுவான். அடுத்த முறை குட்டையில் இருக்க மாட்டான். ஈரக் காலடித் தடம் மட்டும் கிடக்கும். அவன் நாணலுக்குள் சுற்றி, வந்தவன் முதுகுப் பக்கம் வந்து நிற்பான்.

சித்தப்பா இந்த முறை முணுமுணுக்கக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓர் ஆள் ஆடி முடித்ததும் அடுத்த ஆளுக்காகத் தடியன் ஞாபகத்தை அழிக்க ஒரு பட்டனும் வைத்தார்.

மார்ச் 26, வியாழன்

சித்தப்பா இன்று பொழுதெல்லாம் தடியனை வெட்டி வெட்டிப் பார்த்தார். "என் மேல என்ன கடுப்புல இருக்கான் தெரியுமா!" என்றார், மகனைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

மார்ச் 27, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஆட உட்கார்ந்தது அவர்களில் மூத்த அந்தம்மா. சிரிக்காத முகம். முதல் சுற்றில் தடியன் குடிப்பான், சொறிவான், நொண்டுவான், உறுமுவான். அவற்றை எல்லாம் பார்த்து அவர்கள் பழகிய பிறகு இரண்டாம் சுற்றில்தான் அவன் காணாமல் போக வேண்டும். அதுதான் திட்டம்.

அந்தம்மா குட்டைக்கு வந்தார். குட்டை காலி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கேடா போனே? ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு ஓநாய் மெஷினைப் பார்த்தார். திரும்பினால் சித்தப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். நேற்று கடைசியாக வெட்டிய பிறகு ஞாபகத்தை அழிக்க மறந்திருக்கிறார் மனுஷர்! வெட்டினது சித்தப்பா, மாட்டினது அந்தம்மா.

"ஒண்ணும் இல்லையே இங்க?" என்றார் அந்தம்மா. ஹெட்மாஸ்டர் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கீழ பாருங்க மேடம்."

ஈரத் தடம். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்தபடி. "காலு சரியில்ல போல இதுக்கு" என்று சொல்லிக்கொண்டே அதன் வழியே போனார். தடம் நாணலைச் சுற்றியது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் நடை மெதுவானது. தடம் அவர் முதலில் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அந்தம்மா மெல்லத் திரும்பினார். தடியன் நின்றுகொண்டிருந்தான். பாயவில்லை. உறுமவில்லை. சும்மா பார்த்தான்.

"அம்மாடியோ!" என்று அலறிக் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அந்தம்மா கன்ட்ரோலரைத் திரும்ப எடுத்து, வாளை உறையில் போட்டுவிட்டு, அடி அடியாகப் பின்னால் நடந்தார். தடியன் எல்லைக்கல் வரை கூடவே வந்தான். அங்கே நின்றான். திரும்பி நொண்டிக்கொண்டே போய்க் குட்டையில் குனிந்தான்.

அந்தம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனை யாரோ முன்னாடியே அடிச்சிருக்காங்க" என்றார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொரு தடவை ஆடலாமா?" என்று கேட்டார் அந்தம்மா.

ஓநாயைப் பார்க்க யாருமே போகவில்லை. சாயங்காலம் வரை அந்த மூன்று பேரையும் கிளப்ப முடியவில்லை. போகும்போது அந்தம்மா என் கையைப் பிடித்து, "கேமோட அட்டைப்படத்துல அவன்தான்" என்றார். ஜெயிச்சுட்டோம்டா தடியா! பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். வெளியே வந்தால் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வேணும்னுதான் அழிக்கலை" என்கிறார். புளுகு!

மார்ச் 28, சனி

தையல்கடை நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். முகர்ந்து பார்த்துவிட்டு உறுமியது. கொள்கை மாறாதவர்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் ஹெட்மாஸ்டர் என் மேசைக்கு வந்தார். "கோட்டையில போட்டிருக்கிற அந்த ஓநாய்ங்க சும்மா வந்து சும்மா கடிக்குதும்மா. பார்க்கவே சகிக்கல. நீயே ஏதாவது பண்ணு." அவர் முதுகு மறைந்ததும் சித்தப்பா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

மதியம் ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடாமல் கேம் ஆடிக்கொண்டிருந்தார். குட்டை வழியாக நேரே போனால் கோட்டை. அவரோ மேடேறி, முள்ளுக்குள் புகுந்து, காட்டையே சுற்றிக்கொண்டு போனார்.

"ஏன் சார், இப்படிப் போனா சட்டுன்னு போயிடலாமே?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவன் தண்ணி குடிக்கிற நேரம்மா. எதுக்கு வம்பு?"