விலாவில் எழுதிய சிங்கம்

எதிர் வீட்டு வாசலில் கோலத்துக்குக் காவி கரைக்கிறார்கள். அந்த ஈர வாடை சன்னல் வழியாக வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது, மாமா. உங்கள் படத்துக்கு உங்கள் மகள் தினமும் மாலை போடுகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த பனியன் கம்பெனியில் நீங்கள் முதலாளி, நான் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை. சாயப்பட்டறை செய்த தவறுக்கும் திட்டு எனக்குத்தான். ஒருமுறை ஏற்றுமதி ஷிப்மென்ட் சமயத்தில் வாரக்கணக்கில் சரியான தூக்கமில்லை. வலது விலாவில் எரிச்சலோடு கொப்புளங்கள் கிளம்பின. அக்கி என்றார் டாக்டர். உடனே மாத்திரை தொடங்க வேண்டும், ஓய்வும் வேண்டும் என்றார்.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேர்களில் உறங்கிக்கொண்டிருக்கும். நெருக்கடி வந்தால் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரந்து சமாளிக்கும். நாலு நாளைக்கு அது நல்லது. மாதக்கணக்கில் நீடித்தால் அதே சுரப்பு காவல் அணுக்களைத் தளர்த்திவிடும், உறங்கிய கிருமி அக்கியாக எழுந்துகொள்ளும். உயிர்வேதியியல் படித்தவன் என்பதால் இதை உங்களிடம் சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப எம்பட சத்தத்துலதான் உங்களுக்கு அக்கி வந்துச்சுங்களா மாப்ள?” என்று கேட்டீர்கள்.

லீவு இல்லை. அக்கி இறங்கக் காவியில் உருவம் எழுதும் குயவரைக் கார் அனுப்பிக் கம்பெனிக்கே வரவழைத்தீர்கள். செக்கிங் டேபிள் அருகே, பெண்கள் பார்க்க, என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னீர்கள். அவர் காவியைத் தொட்டு என் விலாவில் சிங்கம் எழுதினார்.

“வால நல்லா நீட்டி எழுதுங்க. எங்க மாப்ளைக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்.”

பெண்கள் பனியனால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

“எழுதுனதுக்கு மேல மாத்திர தின்னாப் பலிக்காதுங்க” என்று டாக்டர் கொடுத்ததை உங்கள் டிராயரில் போட்டுப் பூட்டினீர்கள். மறுத்திருந்தால் உங்கள் மகள் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பாள். கொப்புளம் ஆறியது. நரம்பு வலி தங்கிவிட்டது.

மாரடைப்பில் நீங்கள் போன அன்று, உறவினர் கொண்டுவந்த சாப்பாட்டை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி எனக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

கம்பெனியை விற்றாயிற்று. இப்போது வேலம்பாளையத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அங்கே யாரும் என்னை அதட்டுவதில்லை. ஆனாலும் உங்கள் கார் கம்பெனி வாசலில் ஹார்ன் அடித்த அந்தக் காலை வேளை வந்தால் தானாக நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கொடுமுடியில் உங்கள் சாம்பலைக் கரைத்தபோது கூடவே நின்றவன் நான். இருந்தும் நீங்கள் செத்துப்போனதை என் உடம்பு இன்னும் நம்பவில்லை.