கழுவக் கூடாத சுங்கான்

பெப். 3, செவ்வாய்

காலையில் பனி. வெயில் ஏற நேரமானது. காஸ் முடியப் போகிறது, தம்பியிடம் சொல்ல வேண்டும். வாங்க: தேங்காய், புகையிலை, நெருப்புப்பெட்டி.

ஜன்னல் கட்டையில் இருந்த என் புகைக்குழாயை, அந்த மண் சுங்கானைக் காணோம். தேடினால் சமையலறையில், கோப்பைகளோடு கோப்பையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. தம்பி பெண்டாட்டி மல்லிகா சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறாள்! மண் சுங்கானுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. சுட்ட மண் சவர்க்காரத்தை அப்படியே குடித்துவிடும். பற்றவைத்து இழுத்தேன். வாயெல்லாம் எலுமிச்சைச் சவர்க்காரம்.

கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அழுக்கா இருந்துச்சு அண்ணி. ஞாயித்துக்கெழம ஆளுக வர்றாங்கல்ல."

அதுதானே பார்த்தேன். குண்டசாலையிலிருந்து தம்பி மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அத்தை, பென்ஷன் வாங்கும் டீச்சர், சுங்கான் குடிக்கிறாள் என்று தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடுமாம்.

பெப். 4, புதன்

லீவு. டிவியில் சுதந்திர தின அணிவகுப்பு. தம்பி சத்தமாக வைத்துப் பார்க்கிறான்.

சுங்கானில் ஏறிய சவர்க்காரத்தை எடுக்கத் தணல்தான் வழி. காஸ் அடுப்பு வீட்டில் தணலுக்கு எங்கே போவது? ஈரம் காய்ந்திருக்கும் என்று நினைத்து நேரே காஸ் நெருப்பில் வைத்தேன். டப். இரண்டு துண்டு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பழி பாதி மல்லிகாவுக்கு, பாதி எனக்கு.

தம்பி ஆறுதல் சொல்ல வந்தான். நல்லதுக்குத்தான், இதோடு விட்டுவிடுங்கள், டாக்டரும் சொல்கிறார் என்றான். டாக்டர் சொல்வது சரி. நெஞ்சுக்கு ஆகாது, தெரியும். டாக்டருக்காக விட்டாலும் விடுவேன். குண்டசாலைக்காக விடமாட்டேன்.

அப்புறம் மெதுவாக இன்னொன்று கேட்டான். ஞாயிறு மட்டும் நான் என் சிநேகிதி வீட்டில் போய் இருக்க முடியுமா? இது என் வீடு. நான் கட்டின வீடு. டிவியை நிறுத்தினேன்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் குளிருக்காகப் பிடித்த பழக்கம். ஆண் வாத்தியார்கள் சிகரெட் பிடித்தால் 'சார் யோசிக்கிறார்.' நான் சுங்கான் பிடித்தால் 'டீச்சருக்கு என்னமோ ஆயிருச்சு.'

பெப். 5, வியாழன்

கலகெதர பஸ். நிற்கத்தான் இடம். ரோட்டோரச் சட்டி பானைக் கடையில் டூரிஸ்ட்டுகளுக்காகச் சின்னச் சின்னச் சுங்கான் தலைகள் தொங்குகின்றன. யாரும் குடிப்பதில்லை, அழகுக்கு. சுண்டிப் பார்த்தேன். கணீர் என்றது, நன்றாகச் சுட்ட மண். யாருக்கு என்று கடைக்காரி சிங்களத்தில் கேட்டாள். எனக்கு என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும். கோபத்தில் இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் வாய்க்கால். ஓரத்தில் நாணல். சுங்கான் தலைக்குக் குழாயாக ஒரு சாண் வெட்டினேன். வீட்டில் குடைக்கம்பியைச் சூடாக்கிக் கணுக்களைக் குத்தித் துளைத்தாயிற்று. பச்சை நாணல் கசக்கும். காய ஒரு வாரமாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரப்போவது நாணலுக்குத் தெரியுமா? பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். மல்லிகா பார்த்தாள். இந்தத் தடவை தொடவில்லை.

பெப். 7, சனி

மழைக்கோலம், மழை இல்லை. முழங்கால் வலி.

காரியம் நல்லபடி முடிய முனியாண்டிக்குப் படையல். ரோட்டுக்குக் கீழே ஆலமரத்தடி. தேங்காய், சாராயம், சுருட்டு. என் தம்பிதான் சுருட்டைக் கற்பூரத்தில் பற்றவைத்துப் பயபக்தியோடு வைத்தான். சாமி புகைத்தால் காரியம் நடக்கும், அக்கா புகைத்தால் காரியம் கெடுமா என்று கேட்டேன். சாமி குத்தம் ஆகிவிடும், பேசாமல் வாருங்கள் என்றான்.

இரவு தர்ஷினியிடம் நேரே கேட்டேன். உனக்கு நான் இருக்கவா, போகவா?

"ஒங்க இஷ்டம் அத்தை." தலையை நிமிர்த்தவில்லை.

தம்பி சொன்னது சுடவில்லை. இதுதான் சுட்டது. தூக்கம் இல்லை.

பெப். 8, ஞாயிறு

நல்ல வெயில். பட்டுச் சேலை. விறாந்தையில் என் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். போகவில்லை. ஆனால் வந்தவர்கள் முன்னால் குடிப்பதில்லை என்று காலையில் நானாகவே முடிவெடுத்தேன். பிள்ளைக்காக. சுங்கான் மடியில், முந்தானைக்குள்.

பையன் நல்ல மாதிரி, வெட்கப்படுகிறான். அவனுடைய அம்மா வாய் ஓயாத மனுஷி. கூடவே ஒரு சித்தப்பா. பலகாரம் முடிந்ததும் சித்தப்பா விறாந்தைக்கு வந்தார், என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். என் தம்பி உள்ளே ஓடினான். சாம்பல் தட்ட ஒரு சோசரோடு திரும்பி வந்தான், இரண்டு கையாலும் நீட்டினான்.

அவ்வளவுதான். சுங்கானை எடுத்தேன், புகையிலை அடைத்தேன், சித்தப்பா பக்கம் கை நீட்டினேன்.

"தம்பி, நெருப்புப்பெட்டியக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்துவிட்டார், பாவம். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பச்சை நாணல், வேப்பெண்ணெய்க் கசப்பு, கண்ணில் தண்ணீர். முகத்தில் காட்டுவேனா?

தர்ஷினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எல்லாரும் பார்க்க, தட்டிலிருந்து ஒரு வெறும் சோசரை எடுத்து என் கதிரைக் கையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போனாள். என் மகள் அவள். பெறவில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள்.

பெப். 9, திங்கள்

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். மல்லிகா அழுகிறாள். பொழுது சாய போன் வந்தது. பையனின் அம்மா. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். கலியாணத்தன்று மட்டும் அந்த டீச்சரம்மாவைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. தம்பி என்னைப் பார்த்தான். சரி என்பான் என்றுதான் நினைத்தேன்.

"ஒங்க வீட்டு ஆளுக்கு நான் சோசர் குடுத்தேன். எங்க அக்காவுக்கு எம் மக குடுத்தா. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். தர்ஷினி சிரிக்கிறாள். வராவிட்டால் போகட்டும் அத்தை என்கிறாள்.

பெப். 10, செவ்வாய்

பனி. போன் இல்லை. நாணல் காய்ந்து வருகிறது, கசப்பு குறைவு. விறாந்தையில் இருந்தேன். மல்லிகா வந்தாள், சாம்பல் சோசரைக் கையில் எடுத்தாள், எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, இதக் கழுவலாந்தானே?"

சோசரைக் கழுவலாம் என்றேன்.