பைக்குள் வந்த கல்

அன்புள்ள அப்பாவுக்கு இங்க்ரிட் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம். தோள்பட்டைதான் கழன்று விழப் பார்க்கிறது. பயப்படாதீர்கள், கரடி எதுவும் வரவில்லை. எல்லாம் என்னோடு மலையேறும் மூத்த புவியியலாளர் லார்ன் செய்த வேலை.

புதிதாக வந்தவர்களின் பையில் தெரியாமல் கல்லைப் போடுவது, தாது தேடும் இந்த யூகான் மலை முகாம்களில் பெரிய வேடிக்கையாம். செவ்வாயன்று முழு ரொட்டி அளவுக் கல்லை நாளெல்லாம் சுமந்திருக்கிறேன். சாயங்காலம் பையைக் கவிழ்த்ததும் சாப்பாட்டுக் கூடாரமே சிரித்தது.

"என்ன பொண்ணே, காலையில கஞ்சி குடிக்கலயா?" என்றார் லார்ன்.

ஆத்திரத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். கல் பிளந்தது. உள்ளே பித்தளை போலச் செம்புத் தாது மின்னியது. சிரிப்பு நின்றது. முகாம் தலைவர் மெக்ஃபெயில் ஓடிவந்தார்.

"இத எங்கய்யா எடுத்த?"

"ஓடையத் தாண்டி... எங்கயோ," என்றார் லார்ன்.

எங்கேயோவாம்! இடம் குறிக்காத கல் குப்பைக்குச் சமம் என்று முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தவர் இவர்தான். இப்போது அந்த இடத்தைத் தேடி தினமும் மலையேறுவது யார்? நான்!

"சுமந்தவ நீ. எங்க கனக்க ஆரம்பிச்சுதுன்னு உனக்குத்தானே தெரியும்?" என்கிறார், வெட்கமே இல்லாமல்.

கம்பளிக் காலுறையும், பைக்கு ஒரு பூட்டும் அனுப்புங்கள். தபால் கொண்டுபோகும் விமானி அவசரப்படுத்துகிறார். மூன்று முறை விமானம் வந்தும் உங்கள் கடிதம் வரவில்லை. நான் இருக்கும் இடத்தை உறையின் மேல் பெரிய எழுத்தில் குறித்திருக்கிறேன். தொலைத்துவிடாதீர்கள்.

இங்க்ரிட்