தொண்ணூற்றாறு வீடுகளுக்கு நான் போடாத கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, மாத்திரையை மறந்துவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று சாதிக்கிறாள். அத்தை ஏன் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று போனில் கேட்டாயே, அப்போது சொல்ல வாய் வரவில்லை.

வட்டாரத் திட்டக் குழு, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டிய தொண்ணூற்றாறு வீடுகளுக்குத் தரச் சான்று தரும் பொறுப்பு என்னுடையது. குலுக்கலில் அத்தைக்கும் முதல் மாடியில் ஒன்று விழுந்தது. வெல்டிங் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில், தையல் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே பதினோரு வருஷம் படுத்து எழுந்தவள். வாரம் தவறாமல் கட்டடத்துக்கு வந்து இஞ்ச் டேப்பால் ஜன்னலை அளப்பாள். மேஸ்திரி, "போன வாரம் அளந்த ஜன்னல்தானேக்கா, அது என்ன வளரவா போகுது?" என்று கேலி செய்வார்.

கடைசிச் சோதனைக்கு மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கினேன். மறுநாள் மேல்தளம் முழுக்கச் சொட்டியது. உத்தரத்தைச் சாவியால் சுரண்டினால் மணலாகக் கொட்டுகிறது. வெட்டி அனுப்பிய கான்கிரீட் துண்டுகளில் பாதி பலம்கூட இல்லை என்று ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது. மாதக் கடைசிக்குள் சான்று போகாவிட்டால் நிதி திரும்பிவிடும். மேலதிகாரி நல்ல மனுஷர்தான். "என் கையையும் கட்டிப் போட்டிருக்காங்க சார். அவகாசம் கேட்டு மூணு தடவை எழுதிட்டேன், விதியில இடமில்லையாம். நீங்க கையெழுத்துப் போட்டா வீடு, போடலைன்னா ஒண்ணுமில்லை" என்றார். நான் போடவில்லை. நிதி வேறு ஊருக்குப் போய்விட்டது. அடுத்த ஒதுக்கீடு ஐந்து வருஷம் கழித்தாம். ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு வாய்தாவில் இழுக்கிறது, கட்டடம் பூட்டிக் கிடக்கிறது.

நான் கையெழுத்துப் போட மறுத்த அன்று மாலையே அத்தை அலுவலகத்துக்கு வந்தாள். ஆய்வுக்கூடத் தாளைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன், அவள் அதைப் பார்க்கவே இல்லை. "இடிஞ்சு விழுந்திருந்தா என் வீடு விழுந்துடுச்சேன்னு அழுதிருப்பேன்டா. இப்ப எதைச் சொல்லி அழ?" என்றாள். முப்பது வருஷமாக எல்லாக் கேள்விக்கும் கோப்பில் குறிப்பு எழுதியவன், அக்கா கேட்டதற்கு அந்தத் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். செய்தது சரி என்று புத்தி சொல்கிறது, ஆனால் அந்தக் கட்டடம் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் அலுவலகம் போகிறேன். நம்மோடு வந்து இருக்கச் சொல்லி அம்மா இரண்டு தடவை போய் அழைத்தாள், வரவில்லை. நேற்று நானே போனேன். அந்த அறையில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பட்டறைக்காரருக்கும் விவரம் தெரியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனம் நிறைந்து வாழ வேண்டும். குளிரில் வெறுந்தலையோடு வெளியே போகாதே. அத்தை என் போனை எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பாள். என் பேச்சை எடுக்காதே. எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லம்மா.

உன் நலம் ஒன்றே வேண்டும்,
அப்பா