பல்லைக் கடிக்காதீங்க

மார்ச் 4, செவ்வாய்
மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது என் வேலை. தலையில் பசை தடவி வயர்களை ஒட்டி, “கண்ணை மூடிக்குங்க, பல்லைக் கடிக்காதீங்க” என்று நாள் முழுக்கச் சொல்லியாகிறது. வீட்டுக்கு வந்தால் அந்த அளவுகூடப் பேச்சு இல்லை. கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லை, சிரிப்பு இல்லை, சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது. போதாததற்குத் தாடை வலி வேறு. மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள் மனைவி. “எனக்கென்ன பைத்தியமா?” என்று எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

மார்ச் 6
மனைவியிடம் பந்தயம் கட்டிவிட்டேன். என் தலையையும் மெஷினில் பார்ப்பது. கோளாறு தெரிந்தால் டாக்டரிடம் போகிறேன், தெரியாவிட்டால் அவள் டாக்டர் பேச்சையே எடுக்கக் கூடாது.
“மெஷினைத்தான் கேக்கணுமா? என்னைக் கேளுங்களேன்” என்றாள்.
துக்கமெல்லாம் அந்த மெஷினில் தெரியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஹி ஹி.

மார்ச் 7
பதிவு செய்தவள் என்னுடன் வேலை பார்க்கும் பெண். அதட்டுகிற அதட்டலில் அவளுக்கு ‘டீச்சர்’ என்றே பெயர். என் வழுக்கையைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே குஷி: “எல்லாருக்கும் இப்படி இருந்தா நம்ம வேலை எவ்வளவு சுலபம் சார்!”
திரையைப் பார்த்தேன். கோடெல்லாம் கன்னாபின்னாவென்று கிறுக்கல் — போச்சு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது!
டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். “அது மூளை இல்ல, தாடை. பல்லைக் கடிக்காதீங்க சார்!”
என்னிடமா? நான் கடிக்கவே இல்லை என்று சண்டைக்குப் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டே. பிறகு மெல்ல வாயைத் தளர்த்தினேன். கோடுகள் அடங்கின. கண்ணீர்தான் அடங்கவில்லை. டீச்சர் பசை துடைக்கிற துணியை நீட்டினாள்.
முடிவு: எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

மார்ச் 8
“ஜெயிச்சிட்டேன்” என்றேன் மனைவியிடம்.
“சரி. சந்தோஷமா இருக்கீங்களா?” என்றாள்.
ஜெயித்தவன் மூஞ்சியா இது?

மார்ச் 11
மனநல டாக்டரிடம் போனேன். அறிக்கையைப் பெருமையாக நீட்டினேன். டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார். “இதுல தெரியாதுன்னு உங்களுக்கே தெரியுமே. நீங்க சொல்லுங்க.”
சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தபோது மனைவி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எனக்காக எத்தனை நாள் தூங்காமல் இருந்தாளோ.

மார்ச் 19
டாக்டர் கொடுத்த மாத்திரையில் வாய் உலர்கிறது. இப்போதைக்கு அந்தப் பக்கவிளைவு ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஏப்ரல் 22
இன்று ஒரு பெரியவர். வயர்களை ஒட்டி முடித்ததும், “தம்பி, நான் மனசுல நினைக்கிறதெல்லாம் இதுல வந்துடுமா?” என்றார்.
“வராதுங்க.”
கதவுக்கு வெளியே இருந்த தன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். “அப்பாடா!” என்று கண்ணை மூடிக்கொண்டார்.
சிரித்துவிட்டேன். நன்றாக, வாய்விட்டு. பக்கத்து அறையிலிருந்து டீச்சர் ஓடி வந்தாள்.
அதட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன். “ஒண்ணுமில்ல சார், யாரு சிரிக்கிறாங்கன்னு பாக்க வந்தேன்” என்றாள்.