மழை விசாரித்த பிறகு

மாமா,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இன்றைக்கு எனக்கும் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

எல்லையில் குண்டு விழுகிறது என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து உங்கள் போனே இல்லை. நீங்கள் ஆபரேஷன் செய்யும் கூடாரத்தை இன்னும் முன்னால் நகர்த்தியிருப்பார்கள், அங்கே சிக்னல் இருக்காது என்று அத்தைக்கு நான்தான் சமாதானம் சொன்னேன். டிவி ஒயரை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

“ஏனுங்க, மிலிட்டரி டாக்டர் ஊடுங்களா?”

பயந்துகொண்டே “ஆமாங்க” என்றேன்.

“கோபியிலிருந்து பேசறனுங்க. சாப்டீங்களா அம்மணி? அங்க மழைங்களா?”

நம் ஊர் மரியாதை! “மழை இல்லீங்க, என்னன்னு சொல்லுங்க” என்றேன்.

“கொழந்தை நல்லா இருக்குதுங்களா?” என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் சொன்னார். “எம்பையன் காலை உங்க ஊட்டுக்காரருதானுங்க கூடாரத்துல வெச்சே காப்பாத்திப்போட்டாரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறப்ப, ‘நான் நல்லா இருக்கேன்னு ஊட்டுக்குச் சொல்லிரு’ன்னு மாவுக்கட்டு மேலயே உங்க நம்பரை எழுதி உட்டாராமுங்க.”

பிறகு அவர்கள் ஊர் மழை, மாடு, கன்று எல்லாவற்றையும் நானும் ஆசைதீர விசாரித்தேன்.

இனி யாருக்கும் கட்டுப் போட வேண்டி வராமல் இருக்கட்டும். வந்தால், நம்பருக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: முதலில் ‘நல்லா இருக்காருங்க’. மழை அப்புறம்.

உங்கள்
அம்மணி